யாருடைய வாரங்கள்?

கர்ப்பகாலம் நாற்பது வாரம், அதாவது 280 நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது ஆண்களில் பலருக்குத் தெரியாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அது தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் பேராசிரியராக இருந்த நேகலே என்ற மகப்பேற்று மருத்துவரின் பெயரால் வழங்கும் முறை இது. அந்த நாளோடு ஒன்பது மாதத்தையும் ஏழு நாளையும் கூட்டினால் பிள்ளைப்பேற்றுத் திகதி வந்துவிடும். தரம் ஆறு மாணவனும் செய்யக்கூடிய கூட்டல்தான். ஆனால் இக்கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் கருவே இல்லை. மூன்றாம் வாரமளவில்தான் கரு தரிக்கிறது. நான்காம் வாரமளவில் அது கருப்பைச் சுவரில் பதிகிறது. நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மனைவி கணவனிடம் சொல்லும்போது ஐந்தாம் வாரம் நடந்துகொண்டிருக்கும். தகப்பன் எப்போதும் பிந்தித்தான் வந்து சேருகிறான்.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கர்ப்பிணியை 'முழுகாமல் இருக்கிறா' என்று சொல்வார்கள். மாதவிடாய் கழிந்து தலைமுழுக வேண்டிய நாள் வரவில்லை என்பது பொருள். நடக்காமற்போன ஒன்றை வைத்து நடந்துகொண்டிருக்கும் ஒன்றை அறிந்த சொல் அது. ஹைடல்பேர்க் பேராசிரியரும் எங்கள் பாட்டிமாரும் ஒரே இடத்திலிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள்: பெண்ணின் உடலிலிருந்து. இரண்டு கணக்கிலும் ஆணுக்கு இடமில்லை.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. தொண்டைமானாற்றில் ஆசிரியனாக இருக்கிறேன். என் மனைவிக்கு இது பதினோராம் வாரம். சொல்லிய நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி எழுந்தது. இவ்வாறு பின்தொடர்வதால் யாருக்குப் பயன்? பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் செய்ய வேண்டியவை எவை என்று நூல்களும் சமயங்களும் நிறையச் சொல்லியிருக்கின்றன. தூக்க முடியாத, காண முடியாத, வெளியே யாருக்கும் தெரியாத இந்த முதல் மூன்று மாதத்தில் அவன் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான்?

அறிவு என்ற அளவில் இந்த வாரங்கள் அதிசயமானவை. ஆறாம் வாரமளவில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அது இதயத்தின் வடிவில்கூட இல்லை, ஒரு குழாய்தான். அதே காலத்தில் மூளையும் முள்ளந்தண்டுமாக வளரப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. இதனால்தான் போலிக் அமிலக் குளிசையைக் கருத்தரிக்கும் முன்பே எடுக்கச் சொல்கிறார்கள். கரு தங்கியதைத் தெரிந்துகொண்டு மருந்து வாங்கப் போகும்போது அந்த வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். பத்தாம் வாரத்தோடு பிரதான உறுப்புகள் எல்லாம் அடிப்படையில் அமைந்துவிடுகின்றன. அதுவரை முளையம் என்றும் அதன்பின் முதிர்மூலவுரு என்றும் எங்கள் விஞ்ஞான பாடநூல் பெயர் மாற்றி அழைக்கும். கைத்தொலைபேசியில் வாரந்தோறும் வரும் செய்தி இவ்வளர்ச்சியை நான் கண்டிராத பழங்களால் அளந்து சொல்கிறது. நான் அதை எள், பயறு, முந்திரிகைப்பழம், தேசிக்காய் என்று எங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன்.

ஏழாம் வாரத்தில் ஒரு பின்னேரம், இதயத்துடிப்பைப் பற்றிப் படித்ததை மனைவிக்குச் சொன்னேன். அன்று காலையிலிருந்து நாலைந்து தரம் சத்தி எடுத்துக் களைத்திருந்தார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்கு அதின்ர நெஞ்சு துடிக்கிறது தெரியுது. எனக்குப் பக்கத்து வீட்டில மீன் பொரிக்கிற மணம்தான் தெரியுது. இஞ்சருங்கோ, முதல்ல அந்த யன்னலைச் சாத்துங்கோ."

யன்னலைச் சாத்தினேன். இந்த ஒரு பேச்சில் என் கேள்விக்கான பாதிப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். அதை விளக்க நான் கொஞ்சம் வெளியே போக வேண்டும்.

வயிற்றிலுள்ள குழந்தையைக் 'காணும்' வழக்கம் மிக அண்மையது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் மீயொலிப் படங்களைப் பற்றி 'லான்செட்' சஞ்சிகையில் எழுதியது 1958இல். 1965 ஏப்ரல் 30இல் அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகை, சுவீடன் நாட்டுப் படப்பிடிப்பாளர் லெனார்ட் நில்சனின் வண்ணப்படங்களை வெளியிட்டது. கறுப்பு வெளியில் விண்வெளி வீரனைப்போல மிதக்கும் சிசுவை உலகமே பார்த்து வியந்தது. பிறப்பதற்கு முன்னான வாழ்க்கை என்று காட்டப்பட்ட அப்படங்களில் பெரும்பாலானவை வெளியே எடுக்கப்பட்ட, உயிரற்ற கருக்களின் படங்கள். நான் இங்கு சொல்ல வருவது வேறு. அந்தப் படங்களில் தாய் இல்லை. கருப்பை இருந்த இடத்தில் இருட்டு இருக்கிறது. குழந்தை தானாகவே, ஒருவரையும் வருத்தாமல், வெளியில் வளர்வதுபோன்ற தோற்றம்.

இது படக்கருவி செய்த குற்றம் மட்டுமல்ல. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், கருவில் இருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிவரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். தமிழில் கர்ப்பத்தை மாதக் கணக்கில் பின்தொடர்ந்த முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். அங்கும் பேசுவது தப்பிவந்த உயிர். அதைச் சுமந்தவளுக்கு அம்மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது அப்பாடலின் பொருளல்ல. குழந்தையைக் காணத் துடிக்கும் கண் தாயை ஊடுருவிப் போய்விடுகிறது. கண்ணாடியைப் பார்க்காமல் கண்ணாடிக்கு அப்பால் பார்ப்பதைப்போல.

எப்போதிருந்து அது 'பிள்ளை' என்ற கேள்விக்கும் இதே நிலைதான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கருக்கலைப்பைப் பற்றிய 303ஆம் பிரிவில் சாதாரண கர்ப்பத்துக்கு ஒரு தண்டனையும், சிசுவின் அசைவு தொடங்கிய கர்ப்பத்துக்கு அதிலும் கூடிய தண்டனையும் வைக்கிறது. ஆசிரிய கலாசாலைக் காலத்து முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டபோது, மூன்று நாற்பது நாட்களில் கரு வளர்வதையும் 120 நாளில் ரூஹு ஊதப்படுவதையும் சொல்லும் ஹதீஸை விளக்கினார். உலமாக்களிடையே அக்காலக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். கருத்தரித்த நாளிலிருந்து 120 நாள் என்பது வைத்தியசாலைக் கணக்கில் ஏறத்தாழப் பத்தொன்பதாம் வாரம். முதற்பிள்ளையின் அசைவைத் தாய்மார் பொதுவாக உணரத் தொடங்குவதும் அந்த அளவில்தான். சட்டம், மார்க்கம், தாயின் அனுபவம் மூன்றும் கிட்டக் கிட்ட வருவது கவனிக்கத்தக்கது.

இந்த எல்லைகளுக்கு அவற்றுக்குரிய தேவை உண்டு. நீதிபதிக்கும் மார்க்க அறிஞருக்கும் ஓர் எல்லை வேண்டும். தகப்பனுக்கு அது உதவாது. பத்தொன்பதாம் வாரம் வரும்வரை நான் யாருக்கும் கடமைப்படவில்லை என்று எந்தத் தகப்பன் சொல்வான்? அவனுடைய கடமை கருவின் வயதிலிருந்து பிறப்பதில்லை. இன்னொரு மனிதர் தன் உடலால் ஒரு பாரத்தை ஏற்றுவிட்டார், அது அவனுடையதுமாகும் என்பதிலிருந்து பிறக்கிறது. அந்தப் பாரம் முதல் நாளிலிருந்தே முழுப்பாரம். பயறளவுக் கருவுக்காக வரும் சத்தி பயறளவாக வருவதில்லை.

இதை நான் வெறும் தர்க்கமாக எழுதவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு கரு ஒன்பதாம் வாரத்தில் அழிந்துபோனது. எங்கள் இருவரையும் மாமியையும் தவிர ஒருவருக்கும் அது இருந்ததே தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணூறு படும் என்பார்கள். அந்த வழக்கத்தில் ஒரு நியாயமும் உண்டு. அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே அழிகின்றன, அவற்றில் மிகப்பெரும்பான்மை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பிறகு எல்லோருக்கும் மறுபடி சொல்வதன் வேதனையை அந்த மௌனம் தவிர்க்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மனைவியும் ஆசிரியர். நாலாம் நாள் பாடசாலைக்குப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு ஒன்றும் தெரியாதே. இழந்தது இருந்ததாகவே இல்லாதபோது அழுவதற்கு இடம் எங்கே? அந்த மௌனத்துக்குள் குற்றவுணர்வு வளர்ந்தது. மோட்டார் சைக்கிளில் போனதாலோ, வாளியில் தண்ணீர் தூக்கியதாலோ என்று இரவுகளில் கேட்பார். முதல் மூன்று மாதத்தில் அழியும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் நிறமூர்த்தங்களின் பிழை. அன்றாட வேலைகளால் கரு அழிவதில்லை. இதை வைத்தியர் ஒருமுறை சொன்னார். நான் பலமுறை சொன்னேன். நாலு பெண்கள் கூடியிருந்து, "எனக்கும் உப்பிடித்தான் ஒண்டு அழிஞ்சது பிள்ளை" என்று சொல்லியிருந்தால் அதன் பாரமே வேறு. சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர்களும் அதே வழக்கத்தால் மௌனமாக இருந்தவர்கள்.

எங்கள் தலைமுறைக்கு முந்திய தாய்மார் வாரத்தை எண்ணியவர்களல்லர். சம்பவங்களை எண்ணினார்கள். 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது என் தங்கை அம்மாவின் வயிற்றில் இரண்டு மாதம். அவளுடைய வயதை இன்றும் அம்மா அப்படித்தான் கணக்கிடுவார். மேலே சொன்ன நண்பரின் குடும்பம் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. அவருடைய உம்மாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். கூட வந்தவர்களில் அவருடைய வாப்பாவைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாததால் மற்றப் பெண்களைப்போல அவரும் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நண்பரின் தங்கை அடுத்த வருடம் புத்தளத்தில் பிறந்தாள். இந்தக் கதையை நண்பர் கேள்விப்பட்டது தன் இருபதாவது வயதில். "மூட்டையை வாப்பா ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன், அவர் என்னையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்" என்றார். யார்மீதும் பழி சொல்ல இடமில்லாத கதை. ஆனால் அந்த வழியில் நடந்த ஒருவருக்காவது தெரிந்திருந்தால் மூட்டை கைமாறியிருக்கும்.

அறிதலின் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூட்டையைக் கைமாற்றாத அறிவு வெறும் வியப்பு.

இதற்குப் பெரிய சான்று எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பில் குடும்பநல உத்தியோகத்தர் என்று நாம் அழைக்கும் மருத்துவிச்சி வீடு வீடாக வந்து கர்ப்பிணியைப் பதிகிறார். 1940களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்த நாட்டில் அந்தத் தொகை அண்மைக் காலத்தில் முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கியது. அதற்கு மருந்தும் வைத்தியசாலையும் வீதியும் காரணம்தான். அவற்றோடு, வாசலில் வந்து நின்று "சாப்பிட்டனீரோ, கால் வீங்குதோ" என்று தாயைக் கேட்ட ஒருவரும் காரணம். குழந்தையைக் காப்பாற்றிய கண் முதலில் தாயைத்தான் பார்த்தது.

ஆகவே வாரங்களைப் பின்தொடர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'ஆம்பிளையளுக்கு இதில என்ன வேலை' என்ற பழைய ஒதுக்கத்தை விட இது எவ்வளவோ மேல். மந்திகை வைத்தியசாலையில் கிளினிக் நாட்களில் மனைவியரோடு வரும் இளம் கணவர்மாரைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் சொல்வது, அந்த அறிவு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பற்றி. இந்த வாரங்களில் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய எதையும் தகப்பன் நேரே கொடுக்க முடியாது. உணவோ, ஓய்வோ, மனஅமைதியோ எல்லாம் அவள் வழியாகத்தான் போக வேண்டும். எனவே இப்போதைக்கு அவனுடைய கடமை முழுவதும் அவளுக்குரியது. யாருக்கு எப்போது சொல்வது என்ற முடிவும் அவளுடையது, வழக்கத்துடையதோ அவனுடையதோ அல்ல. இதில் இன்னொன்றும் அடங்கும். கரு நிலைக்காமற்போனாலும் அந்த வாரங்கள் பொய்யாகிவிடுவதில்லை. சுமந்தது சுமந்ததுதான். அதற்குப் பட்ட கடமையும் பட்டதுதான். ஒன்பது வாரத் தகப்பன் என்று ஒருவன் இருக்கலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் கணக்கு எந்த வாரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு, அனுப்பலாமா என்று மனைவியிடம் கொடுத்தேன். மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததைப் பற்றிய பகுதியைக் காட்டி, விரும்பாவிட்டால் அதை எடுத்துவிடலாம் என்றேன். சிவப்புப் பேனையை எடுத்து இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார்.

"மற்றதுகளை வேணுமெண்டால் வெட்டுங்கோ," என்றார். "அதை எடுக்காதேங்கோ."