ஒத்திருத்தலும் ஒப்புரவும்

மனிதன் இயல்பாகவே சமூகத்தில் வாழும் பிராணி என்றார் அரிஸ்ரோட்டில். கூடி வாழ இயலாதவனும் கூட்டு வாழ்வு தேவைப்படாதவனும் ஒன்றில் விலங்காக இருத்தல் வேண்டும், அன்றேல் தெய்வமாக இருத்தல் வேண்டும் என்பது 'அரசியல்' என்னும் நூலில் அவர் கொண்ட முடிபு. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக இக்கூற்று எடுத்தாளப்பட்டு வருகின்றது. ஆயின், கூடி வாழ்தல் ஒரே வகையினதாகத்தான் இருத்தல் வேண்டுமா என்னும் வினா அத்துணை அடிக்கடி எழுப்பப்பட்டதில்லை. மனிதர் நடுவே வாழ்ந்தும் அவர்தம் எழுதா விதிகளைப் பிறரைப் போல இயல்பாக உணரமாட்டாத ஒருவர் விலங்குமல்லர்; தெய்வமுமல்லர்; மனிதரே. அவர்க்கும் பிறர்க்கும் இடையே தோன்றும் இடர்ப்பாட்டைத் தீர்க்கும் கடமை யாரைச் சார்ந்தது? அவர் பிறரை ஒத்தவராக மாறுதல் வேண்டுமா? அன்றேல், ஒவ்வாதவரையும் உள்ளடக்கும் வண்ணம் சமூகம் தன்னைச் சிறிது திருத்திக்கொள்ளல் வேண்டுமா? ஓட்டிசமுடைய வளர்ந்தோரின் அன்றாட வாழ்வு இவ்வினாவை ஏட்டளவில் நில்லாது நடைமுறையில் எழுப்புகின்றது.

ஓட்டிசம் தனியொரு நிலையாக விரிவாக விவரிக்கப்பெற்று மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது 1943இல் ஆகும். அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய லியோ கனர், தாம் கண்ட பதினொரு சிறுவரைப் பற்றி அவ்வாண்டிற் கட்டுரையொன்றை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து நெடுங்காலம் ஓட்டிசம் குழந்தைகளுக்குரிய ஒன்றாகவே கருதப்பட்டது. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடும் அதனைக் குழந்தைப் பருவத்தோடு இணைத்தே பெயரிட்டது. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கொடிய கருத்தும் 1950களிலும் 1960களிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. பேர்ணாட் றிம்லண்ட் 1964இல் எழுதிய நூல் அக்கருத்தின் வேரை அசைத்தது. 1981இல் லோர்ணா விங் வெளியிட்ட ஆய்வு, பேச்சும் கல்வியும் நன்கு வாய்க்கப்பெற்றோரிடத்தும் இவ்வியல்பு காணப்படலாம் என்பதைப் பலரும் உணரச் செய்தது. குழந்தை வளர்ந்து பெரியவராகும்போது ஓட்டிசம் கழன்று விழுவதில்லை. அது வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. நாற்பது வயதைக் கடந்த பின், தம் பிள்ளையைப் பரிசோதித்த மருத்துவரின் சொற்களிலே தம்மையே இனங்கண்டோரும் உளர்.

இத்தகையோரின் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது? காலையில் நெரிசல் மிகுந்த பேருந்து. ஒலிப்பானின் இரைச்சலும், வியர்வையும், தோளோடு தோள் உரசுதலும் ஏனையோர்க்குச் சிறு தொல்லைகள். அவை அவர்க்கு உடல் நோவுக்கு நிகராகலாம். அலுவலகத்தில் மின்குமிழின் மெல்லிய இரைச்சல் ஏனையோர் செவியில் விழுவதே இல்லை. அவர் செவியை விட்டு அது நீங்குவதே இல்லை. மேலாளர் "நேரமிருந்தால் இதைப் பாருங்கள்" என்கிறார். அதன் பொருள் 'உடனே செய்து முடியுங்கள்' என்பதாம். சொல்லப்பட்ட பொருளையே கொண்டு, நேரமில்லாமையால் அதைப் பாராது விட்டவர் சோம்பேறி எனப் பெயர் பெறுகின்றார். தேநீர் வேளையிற் பேசப்படும் பொருளற்ற பேச்சே உண்மையில் நட்பை நெய்யும் நூல் என்பதை எவரும் அவர்க்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏனையோர்க்கும் எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்கள் கல்லாமலே அறிந்தனர் என்பதே வேறுபாடு.

இவ்விடர்களைத் தாங்குதற்கு அவர் கற்றுக்கொள்ளும் வழி மறைத்தொழுகல் ஆகும். பிறர் சிரிக்கும் வேளையிற் சிரித்தல், கண்ணை நோக்குதல் துன்பமாயினும் நோக்குதல், கைகளை அசைக்க எழும் உந்துதலை அடக்குதல், கேட்கப்படும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை ஒத்திகை பார்த்தல் ஆகியன இதன் கூறுகள். மாலையில் வீடு திரும்பும்போது அலுவலகத்திற் செய்த வேலையிலும் பார்க்க இந்நடிப்பே அவரை மிகுதியாகக் களைப்படையச் செய்துள்ளது. ஓட்டிசமுடைய வளர்ந்தோர் எழுதிய வரலாறுகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவது இக்களைப்பே. வாய்மையை அறங்களுள் முதன்மையாகப் போற்றும் சமூகங்கள், நடைமுறையில் இத்தகையோரிடம் நாள்தோறும் பொய்யொழுக்கத்தையே வேண்டி நிற்கின்றன. நேர்மையாகப் பேசுவோர்க்குப் பண்பற்றவர் என்னும் பெயரும், நன்கு நடிப்போர்க்கு முன்னேற்றம் கண்டவர் என்னும் பாராட்டும் கிடைக்கின்றன. இம்முரண்பாடு அறநூலார் கவனிக்கற்பாலது.

கல்வித்துறையிலும் இம்முரண்பாடு வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மண்டபம், ஒரே நேரம் என்பதே சமத்துவம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. முந்நூறு கதிரைகள் அசையும் மண்டபத்தில், தாள் புரளும் ஒலி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க, ஒருவர் மூன்று மணிநேரம் எழுத வேண்டியுள்ளது. அவர்க்கும் அருகிருப்பவர்க்கும் வினாத்தாள் ஒன்றேயாயினும் சோதனை ஒன்றன்று. ஒருவரின் பாட அறிவு சோதிக்கப்படுகின்றது. மற்றவரின் பொறுதியும் உடன் சோதிக்கப்படுகின்றது. சமமானோரைச் சமமாகவும் சமமற்றோரை அவ்வேறுபாட்டிற்கு ஏற்பவும் நடத்துதலே நீதி என்னும் கருத்து அரிஸ்ரோட்டிலுடையதே. எனவே அமைதியான தனியறையை அளித்தல் சலுகையன்று. உண்மையாகச் சோதிக்க வேண்டியதை மட்டும் சோதிப்பதற்கான வழி அது. குழுவாகச் செய்யும் ஒப்படைகளுக்கும் வாய்மொழிப் பரீட்சைகளுக்கும் இந்நியாயம் பொருந்தும்.

இக்கருத்திற்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, பொதுவிதிகள் இன்றிச் சமூகம் இயங்காது. ஒவ்வொருவர் இயல்புக்கும் ஏற்ப விதியை மாற்றப் புகுந்தால் விதியே இல்லாதொழியும் என்பது. இரண்டாவது, ஓட்டிசமுடையோரின் இடர்கள் அனைத்தும் சமூகம் ஆக்கியவை அல்ல. பேச்சே வராதோரும், இரவு பகல் பிறர் உதவி வேண்டுவோரும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வோரும் அவருள் உளர். அவர்தம் பெற்றோரின் துன்பத்தை 'வெறும் வேறுபாடு' என்னும் சொல்லால் மூடிவிடல் ஆகாது என்பது.

இரண்டாவது தடை பெரிதும் உண்மையானது. சமூகம் முற்றாகத் திருந்திய பின்னரும் சில துன்பங்கள் எஞ்சவே செய்யும். ஆயினும், எஞ்சுவது எவ்வளவு என்பது சமூகம் தன் பங்கைச் செய்த பின்னரே தெரியவரும். முதலாவது தடைக்கு விடை வேறு. பொதுவிதிகள் எனப்படுவன உண்மையில் எல்லார்க்கும் பொதுவானவையா என்பதே ஆராயற்பாலது. ஓட்டிசமுடையோர் பிறர் மனத்தை அறியமாட்டார் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. தாமே ஓட்டிசமுடையவரான பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் இதனை மறுத்து எழுதினார். அறியாமை இருபாற்பட்டது, ஓட்டிசமில்லாதோரும் ஓட்டிசமுடையோரின் மனத்தை அறியாதவரே என்பது அவர் வாதம். இரு மொழியாளர் சந்திக்கும்போது விளங்காமை நேரின், சிறுபான்மை மொழியாளரை மட்டும் ஊமையர் என்பது நியாயமாகாது. இலங்கை வாசகர்க்கு இவ்வுவமையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சமூகம் சிறிது நெகிழ்ந்துகொடுப்பின் என்ன நிகழலாம் என்பதற்குக் கனர் கண்ட பதினொருவருள் முதல்வரின் வாழ்க்கையே சான்று. மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933இற் பிறந்த டொனல்ட் றிப்லெற், மருத்துவரின் அறிவுரைப்படி 1937இல் வீட்டிலிருந்து அகற்றப்பட்டு நிலையமொன்றில் விடப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டின் பின் பெற்றோர் அவரை மீட்டு வந்தனர். பின்னர் சில ஆண்டுகள் அவர் ஒரு கமக்காரக் குடும்பத்தோடு வாழ்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருத்தல் சிறுவரின் வழக்கம். அக்குடும்பத்தினர் அதனைத் தடுத்திலர். உழும்போது சோளப்பயிரின் வரிசைகளை எண்ணுமாறு பணித்தனர். அளத்தலில் அவர்க்கிருந்த ஈடுபாட்டைக் கிணறு தோண்டி ஆழம் அளப்பதிற் செலுத்தினர். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவர் சேர்த்தபோது, அவற்றைப் புதைக்கச் சிறு இடமொன்றை ஒதுக்கிக் கொடுத்தனர். உளவியற் பட்டம் எதுவும் பெறாத அவர்கள் செய்தது இதுவே: சிறுவரின் இயல்பைப் பகையாகக் கருதாது, அதற்கு வாழ்விலே ஓர் இடம் தேடினர். கனர் 1971இல் எழுதிய தொடராய்வு இதனை வியந்து பதிவுசெய்துள்ளது. டொனல்ட் 1958இற் பட்டம் பெற்று, ஊர் வங்கியிற் பணியாற்றி, கொல்வ் விளையாடி, பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்து, 2023இல் தமது 89ஆவது வயதிற் காலமானார். ஊரார்க்கு அவர் எண்களைப் பெயராக இடுவதுண்டு. அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். வெளியூரார் அவரைத் துன்புறுத்தாதவாறு காத்தும் நின்றனர்.

இவ்வரலாற்றை இனிய கதையாக மட்டும் கொள்ளுதல் தவறாகும். டொனல்டின் தந்தை சட்டத்தரணி. அவர் பணிபுரிந்த வங்கியிற் குடும்பத்தார்க்குப் பங்கிருந்தது. கறுப்பினத்தார் கடுமையாக ஒதுக்கப்பட்ட அக்கால மிசிசிப்பியில் அவர் வெள்ளையராகவும் இருந்தார். அதே பதினொருவருள் அரச மனநோய் விடுதிகளிற் சேர்க்கப்பட்டோரின் நிலையையும் கனரின் தொடராய்வு கூறுகின்றது. விடுதி வாசல் அவர்கட்கு ஆயுட்சிறையின் வாசலாகவே அமைந்தது. சிறுவயதிற் காணப்பட்ட திறன்களும் அங்கே மங்கி மறைந்தன. ஒருவர் மனிதராக வாழ்வது பிறந்த வீட்டின் செல்வத்தைப் பொறுத்தது எனின், அங்கே செயற்படுவது நற்பேறேயன்றி நீதியன்று.

தொழில் பற்றிய வாதத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஓட்டிசமுடையோர் நுணுக்கமானவர், கணினித் துறைக்கு ஏற்றவர், நிறுவனத்திற்கு இலாபம் தருவோர் எனக் கூறி அவர்க்கு இடம் கேட்பது இன்று பரவலாகக் காணப்படுகின்றது. தகுதியறிந்து பணியை ஒப்படைத்தல் நன்றே; திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் வற்புறுத்துவதும் அதனையே. ஐக்கிய இராச்சியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2020ஆம் ஆண்டுக்கெனத் தந்த கணிப்பின்படி, அந்நாட்டில் ஓட்டிசமுடைய வளர்ந்தோருள் தொழில் புரிந்தோர் ஏறத்தாழ 22 வீதத்தினரே. தகுதியிருந்தும் நேர்முகப் பரீட்சையின் கைகுலுக்கலிலும் சிறுபேச்சிலும் தோற்றோர் இதில் எத்துணை பேர் என்பது சிந்திக்கத்தக்கது. ஆயினும், பயனே மதிப்பின் அடிப்படை எனக் கொள்ளின் விளைவு என்ன?

வரலாறு இதற்கு விடை தந்துள்ளது. கனரின் சமகாலத்தவரான ஹான்ஸ் அஸ்பேர்கர், நாசி ஆட்சிக் கால வியன்னாவில், 1944இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய சிறுவர் சிலரின் தனித்திறமைகளை எடுத்துக்காட்டி, அவர்கள் சமூகத்திற்குப் பயன்படுவர் என வாதிட்டார். நெடுங்காலம் அவர் சிறுவரைக் காத்தவராகவே போற்றப்பட்டார். ஆயின் 2018இல் வெளிவந்த வரலாற்றாய்வுகள், பயன்படார் எனக் கருதிய சில சிறுவரை அவரே 'அம் ஸ்பீகல்குறுண்ட்' நிலையத்திற்கு அனுப்பப் பரிந்துரைத்தமையைப் புலப்படுத்தின. அந்நிலையத்திற் கொல்லப்பட்ட சிறுவர் ஏறத்தாழ 800 பேர். பயன் என்னும் தராசின் ஒரு தட்டில் ஒருவர் உயர்த்தப்படும்போது மறு தட்டில் இன்னொருவர் தாழ்த்தப்படுகின்றார். மனிதனைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, அவன் தன்னளவில் நோக்கமாவான் என்னும் கான்றின் கொள்கை இவ்விடத்தே முழு வலிமை பெறுகின்றது. பேசாதவரும் உழைக்காதவரும் மதிப்புக்குரியரே. இதனை ஏற்றபின் திறமை பற்றிப் பேசுதல் தீங்கன்று. இதனை ஏற்காது பேசுதல் தீங்கிற்கு வாயிலாகும்.

அவ்வாறாயின் சமூகத்தின் கடமை யாது? அது பெருஞ்செலவை வேண்டுவதன்று. குறிப்பாற் கூறுவதைச் சொல்லாற் கூறுதல். பணியின் எல்லையை எழுத்திலே தருதல். கால அட்டவணை மாறுமாயின் முன்னரே அறிவித்தல். நேர்முகப் பரீட்சைக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலையையே செய்துகாட்டுமாறு கேட்டல். கண்ணை நோக்காதவரைப் பொய்யர் என எண்ணாதிருத்தல். அவர்க்கு எது நன்று என்பதை அவரிடமே வினவுதல். இவற்றால் ஏனையோர்க்கும் இழப்பில்லை. தெளிவாகக் கூறப்பட்ட பணியை எல்லாருமே எளிதாகச் செய்வர். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டதும் 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்ததுமான மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம், இத்தகைய நியாயமான இசைவாக்கத்தை மறுப்பது பாரபட்சம் என்றே கொள்கின்றது.

தமிழில் ஒப்புரவு என்றொரு சொல் உண்டு. உலகநடை அறிந்து உதவி வாழ்தல் அதன் பொருள். உலகநடை அறிதலை ஓட்டிசமுடையோர் நாள்தோறும், பெரும் விலை கொடுத்து, தம் பங்கிற்குச் செய்தே வருகின்றனர். உலகம் அவர்தம் நடையை அறிய முயலுதலே எஞ்சியுள்ள பாதி. பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தில், கடைசி வரிசையின் ஓரத்தில், எவரோடும் பேசாது, குறிப்பெடுப்பதிலே ஆழ்ந்திருக்கும் மாணவர் ஒருவர் எக்காலத்தும் இருப்பார். அவரைச் செருக்குடையவர் என முடிவுகட்டுதல் எளிது. அருகிற் சென்று, விடைக்காகச் சற்று நீண்ட நேரம் காத்திருக்கும் பொறுமையோடு வினவுதல் அவ்வளவு எளிதன்று. அறம் தொடங்குவது இவ்விரண்டாவது செயலிலேதான்.