ஆற்றின் தரமும் ஆளின் தரமும்

வீரம் எது, வீண் துணிவு எது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இமயமலையின் ஓர் ஆற்றைச் சற்று நோக்கலாம்.

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை எனப் பெயர் பெறுகின்றன. அங்கிருந்து ரிஷிகேசம் வரை மலையிடுக்குகளில் பாயும் அந்நீரில், காற்றடைத்த ரப்பர் ஓடமேறித் துடுப்பு வலிக்க ஆண்டுதோறும் பலர் வருகின்றனர். வெள்ளம் பெருகும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அப்பயணம் நிறுத்தப்படுகிறது.

நீர் கொந்தளித்துப் பாயும் இடங்களை உலக வழக்கில் 6 தரங்களாகப் பிரித்துள்ளனர். முதல் தரம் சிற்றலை. ஆறாம் தரமோ கைதேர்ந்தோர்க்கும் உயிர்ப்பணயம். பிரம்மபுரி முதல் ரிஷிகேசம் வரையுள்ள சுமார் 9 கி.மீ. புதியவர்க்கு ஏற்றது. சிவபுரியில் தொடங்கும் சுமார் 16 கி.மீ. தொலைவில் மூன்றாம் தரப் பாய்ச்சல்கள் உண்டு. இன்னும் மேலே, கௌடியாலாவுக்குக் கீழ்ப்புறம், ‘சுவர்’ எனப்படும் நான்காம் தரப் பாய்ச்சல் ஓடங்களைக் கவிழ்ப்பதில் பெயர்பெற்றது.

இத்தகைய இடங்களில் ஓடத்தை விட்டிறங்கிக் கரையோரமாக நடந்து கடப்போரும் உளர். அவர்களைக் கோழைகள் எனலாமா?

1030இல் மறைந்த அறிஞர் இப்னு மிஸ்கவைஹி, தம் ‘தஹ்தீபுல் அக்லாக்’ என்னும் ஒழுக்க நூலில், வீரத்தை இரு குறைகளுக்கு நடுவே வைத்தார். ஒருபுறம் கோழைமை, மறுபுறம் ‘தஹவ்வுர்’ என்னும் கண்மூடித் துணிவு. அந்த நடுநிலை ஆற்றில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. பல்லாண்டு பழகியவனுக்கு நான்காம் தரமும் அளவான துணிவே. நீந்த அறியாதவனுக்கு இரண்டாம் தரமும் மிகையாகலாம். பனி உருகி நீர் உயர்ந்தால் நேற்றைய தரம் இன்று இராது. ஆகவே ஒவ்வொரு முறையும் கரையில் நின்று நீரையும் நோக்க வேண்டும். தன்னையும் நோக்க வேண்டும்.

என்றும் கரையிலேயே நடப்பவன் எதைக் கற்பான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எழுத்துக் கூட்டிப் படித்தவன் பிறகு இலக்கணம் பயில்வதுபோல, எளிய நீரில் கை பழகியவன் அடுத்த தரத்துக்கு ஏறட்டும். ஏறாமலே இருப்பது கோழைமை; படி தாண்டிக் குதிப்பது அறியாமை.

இதில் பெரிய பொறுப்பொன்றும் உண்டு. ஓடத்தில் இருப்பவன் ஒருவன் அல்லன். நண்பர் நகைப்பாரே என்று நாணி, “எனக்கு நீந்தத் தெரியும்” என வழிகாட்டியிடம் பொய் சொல்பவன், தன்னுயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான். அவனை அப்பொய்க்குத் தள்ளிய ஏளனச் சிரிப்புக்கும் அப்பழியில் பங்குண்டு.

பெற்றோர்களே, நாளை உங்கள் மகன் வீடு திரும்பி, “எல்லாரும் இறங்கினார்கள் வாப்பா, நான் மட்டும் கரையில் நடந்து வந்தேன்” என்று சொல்லக்கூடும். அதைத் தோல்வியின் கதையாகக் கேளாதீர். தோழர் அனைவரும் பார்த்திருக்கத் தன் அளவை ஒளிக்காமல் உரைப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டுமன்றோ?