கிடைக்காத பொருளும் குறையாத பக்தியும்



சித்திரை முதல் நாள் நெருங்கினால் நம் இல்லங்களில் ஒரு கவலை பிறந்துவிடுகிறது. தாய்நாட்டில் அது மாங்காயும் வேப்பம்பூவும் மலிந்து கிடக்கும் காலம். இங்கோ ஏப்ரல் மாதம் இலையுதிர் காலம். மாங்காய்ப் பருவம் முடிந்திருக்கும். மாங்காய் இல்லாமல் வருஷப் பிறப்புப் பச்சடி எப்படி? "பொருள் சேராவிட்டால் செய்யாமலே இருக்கலாம், அரைகுறை நைவேத்தியம் அபசாரம்" என்கிறார் பாட்டி. "அப்படியானால் விட்டுவிடுங்கள், கடையில் வாங்கிச் சாப்பிடலாம்" என்கிறான் பேரன். இருவர் பேச்சும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: அடுப்பு எரியாத பண்டிகை.

நம் முன்னோர் இதை ஆராயாமல் விடவில்லை. ஜைமினி முனிவரின் மீமாம்ஸா சூத்திரம், ஆறாம் அத்தியாயத்தில் 'பிரதிநிதி' என்னும் மாற்றுப் பொருளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நித்திய கர்மாவைப் பொருள் குறைவு என்று காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. இயன்ற அளவில் செய்தே தீர வேண்டும். விதித்த பொருள் கிடைக்கவில்லையென்றால், அதற்கு ஒத்த பொருளைக் கொள்ளலாம். நெல்லரிசி இல்லையேல் நீவாரம் என்னும் காட்டரிசி. சோமக்கொடி இல்லையேல் பூதிகக்கொடி. ஆனால் விலக்கப்பட்ட பொருளை மாற்றாகக் கொள்ளக் கூடாது. மேலும் தெய்வம், அக்கினி, மந்திரம், செயல் என்ற நான்கிற்கும் மாற்றே கிடையாது.

யாகத்திற்குச் சொன்ன இந்த நெறி நம் சமையலறைக்கும் வழிகாட்டுகிறது. பச்சடியில் மாங்காய் எதற்கு? புளிப்புக்கு. அந்தப் புளிப்பு இங்குள்ள பச்சை ஆப்பிளில் இருக்கிறது. கிரானி ஸ்மித் எனப்படும் அந்த ஆப்பிள் நம் சிட்னியின் ஈஸ்ட்வுட் பகுதியில் 1868-ல் தோன்றியது. இந்த மண் நமக்குத் தந்த மாங்காய் என்றே அதைக் கொள்ளலாம். புளிப்புப் போதாவிட்டால் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். வெல்லம் கிடைக்காத ஊரில் கரும்புச் சர்க்கரையில் கருமை மிக்கது உதவும். நெய் இல்லையேல் உப்பிடாத வெண்ணெயை வாங்கி வீட்டிலேயே காய்ச்சலாம். கோயில் மடைப்பள்ளிக்கு ஆகம விதி உண்டு. நான் சொல்வது இல்லத்துப் பூஜைக்கு மட்டுமே.

இனி விலக்கைப் பார்ப்போம். ஜெலட்டின் மிருகங்களின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து வருவது. அது கலந்த இனிப்பை நைவேத்தியமாக வைக்கலாகாது. கெட்டியாக்க வேண்டுமானால் கடற்பாசி இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். ஏகாதசியன்று தானியம் தவிர்ப்பவர்கள் டப்பாவின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் இலையையும் விதையையும் மறைத்து, விமான நிலையத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துக் கொண்டுவரும் பொருளும் விலக்கே. பொய்யில் வந்த கறிவேப்பிலை பூஜைக்கு மணக்காது.

இன்னொரு எச்சரிக்கை. மாற்று என்பது இயலாமைக்கு ஏற்பட்டது, சோம்பலுக்கு அல்ல. பெரிய புராணத்தில் அரிவாட்டாய நாயனார் வரலாற்றை நினைவுகூருங்கள். இறைவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைப்பது அவர் நியமம். செல்வம் போனபின் கூலிக்கு நெல் அறுத்தார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்துவிட்டு, கார்நெல்லைத் தாம் உண்டார். அதுவும் கிடைக்காத நாளில் கொல்லைக் கீரையை உண்டார். மாற்றுப் பொருளை அவர் தம் இலையில் போட்டுக்கொண்டாரே தவிர இறைவன் இலையில் அல்ல. கடையில் வெல்லம் இருக்கையில், 'போய் வர நேரமில்லை' என்று சர்க்கரையைப் போடும்போது இவரை நினைத்தால் போதும்.

பச்சடிக்குத் திரும்புவோம். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள் என்று வேப்பம்பூவை மட்டும் நீக்கிவிடுகிறோம். உலர்ந்த வேப்பம்பூ கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை வெந்தயமாவது வறுத்துச் சேருங்கள். கசப்பை எடுத்துவிட்டால் அது பச்சடி இல்லை, ஜாம். ஊரை விட்டு வந்த நம் வாழ்வில் கசப்பும் ஒரு பங்கு. அதையும் இறைவன் முன் வைத்து, அவன் பிரசாதமாகவே ஏற்கிறோம் என்பதே அன்றைய பாடம். ஏன் ஆப்பிள், ஏன் வெந்தயம் என்று பிள்ளைகள் கேட்டால், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை நாளை எந்த ஊரில் குடியேறினாலும் அங்குள்ள பொருளைக் கொண்டு பண்டிகை செய்யும்.

1985-ல் கும்பாபிஷேகம் கண்டு, ஹெலன்ஸ்பர்க் குன்றில் சிவனும் பெருமாளும் ஒரே வளாகத்தில் நமக்காக எழுந்தருளியிருக்கிறார்கள். மாற்றில்லாத தெய்வம் அருகிலேயே இருக்க, மாற்றுள்ள பொருளுக்காக மனம் தளரலாமா? விளக்கேற்றுங்கள், கிடைத்ததைச் சுத்தமாகச் சமையுங்கள், உங்கள் கையாலேயே படையுங்கள். எல்லாம் வல்ல திருவேங்கடமுடையானும் சந்திரமௌலீசுவரரும் அனைவருக்கும் அருள்புரிவார்களாக.

சுபம்.