மாறாததோடு ஒப்பிடு

(நாமக்கல்லில் லாரி டர்போ பார்க்கும் பட்டறை. குரு மூத்த மெக்கானிக். சீடன் அவரிடம் தொழில் பழகுபவன்.)

சீடன்: ஐயா, கீழே நன்றாக இழுக்கிற பழைய வண்டி, கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் திணறுதுங்களாம். டர்போ அழுத்தம் மீறாமல் புகைக்கு வழிவிடும் வேஸ்ட் கேட் ஸ்பிரிங்கை இறுக்கிவிடட்டுங்களா?

குரு: அந்த ஸ்பிரிங் எப்போது வழிவிடும், தம்பி?

சீடன்: பூஸ்ட் ஒரு பார் ஆனதுமுங்க.

குரு: எதற்கு மேல் ஒரு பார்?

சீடன்: வெளிக்காற்றுக்கு மேலுங்க.

குரு: மலைமேல் அந்த வெளிக்காற்றே பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஸ்பிரிங் அதே ஒரு பாரைத்தான் காக்கும். எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் இறங்கியிருக்கும். கருவி பொய் சொல்லவில்லை, அது ஒப்பிட்ட பொருள்தான் மாறிவிட்டது. மலைக்கென்று இறுக்கினால் சேலம் ரோட்டில் அளவு மீறும். இறுக்காதே.

சீடன்: அப்படியானால் மாறாதது எதுங்க?

குரு: வெற்றிடம். விமானக்காரர்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். 1918இல் எஞ்சினியர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி (நம் தொழிலுக்குப் பெருமைதான்!) அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, 14,109 அடிக்கு, கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்தது அங்கே 230 ஆனது. டர்போ பூட்டியதும் 356. அப்போதெல்லாம் அழுத்தத்தைக் காத்தது மனிதக் கைதான். தானியங்கிக் கட்டுப்பாடு வந்தபோது, காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய சிறு உலோகத் துருத்தியை உள்ளே வைத்தார்கள். எந்த உயரத்திலும் அதற்குள் வெறுமைதான். எஞ்சினுக்குள் போகும் அழுத்தம் கூடினால் துருத்தி சுருங்கும்.

சீடன்: அவ்வளவு மெல்லிய துருத்தி த்ராட்டிலைத் திருப்புமுங்களா?

குரு: திருப்பாது. அது ஒரு சிறு வால்வை நகர்த்தும். அவ்வழியே வரும் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். த்ராட்டிலை அசைப்பது பிஸ்டன். அறிவது ஒன்று, செய்வது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே நேரம் ஓடுகிறதே, சிக்கல் அங்கேதான். அழுத்தம் கூடியதை அறிந்து த்ராட்டிலை மூடினால், மூடியது மிகையாகும். அதைச் சரிசெய்யத் திறந்தால், திறந்ததும் மிகையாகும். எஞ்சின் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும். நீராவி எஞ்சினின் வேகத்தைக் காக்கும் கவர்னரில் இந்த ஊசலாட்டத்தை 1868இலேயே விஞ்ஞானி மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

சீடன்: எண்ணெய்த் துளையைச் சுருக்கி மெதுவாக்கிவிட்டால்?

குரு: ஊசல் அடங்கும். ஆனால் பைலட் சட்டென்று த்ராட்டிலைத் திறக்கும்போது கருவி பிந்திவிடும். அதற்குள் அழுத்தம் எகிறி நாக்கிங் வரும், பிஸ்டன் பொத்துப்போகும். அதனால் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, முள் அசையாமல் நிற்கிறது என்று கையெழுத்துப் போடுவது சோதனையே ஆகாது. திடீரென்று திறந்து பார்க்கணும், திடீரென்று மூடியும் பார்க்கணும்.

சீடன்: அப்படித் திருத்தித் திருத்திச் செய்த கருவியிடம் எஞ்சினை முழுதாக ஒப்படைக்கலாமுங்களா?

குரு: அவர்களே ஒப்படைக்கவில்லையே. 1940இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் தானியங்கிக் கட்டுப்பாடு பூஸ்டை 6¼ பவுண்டில் நிறுத்தும். 100 ஆக்டேன் பெட்ரோல் வந்த பிறகு, உயிருக்கு ஆபத்து என்றால் பைலட் அதை விலக்கிவிட்டு 12 பவுண்டு வரை போகலாம். அதுவும் 5 நிமிடம்தான். தரையிறங்கியதும் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.