ஓடக்காரர் இட்ட முத்திரை

பெங்களூரில் சாளுக்கியா சர்க்கிள் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் பசவேஸ்வரர் சர்க்கிளைக் கடக்கையில், குதிரைமேல் இருக்கும் பசவண்ணரைக் கும்பிடுகிறோம். அவரோடு சபையில் அமர்ந்தவர்களை நினைக்கிறோமா? 12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில், இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகல்யாணில், கூடிய அனுபவ மண்டபத்தில் செருப்புத் தைத்த ஹரளய்யா, ஓடம் விட்ட அம்பிகர சௌடய்யா, துணி வெளுத்த மடிவாள மாச்சிதேவர், கயிறு திரித்த நுலிய சந்தய்யா எல்லோரும் இருந்ததாக மரபு சொல்கிறது. வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டரின் கதையை நமக்குச் சேக்கிழார் சொன்னார். கல்யாணத்தில் வண்ணார் தாமே பேசினார். எளியவர் தம் வாழ்வைத் தாமே எடுத்துச் சொல்வதும் வழிபாடுதான், கேள்விக்கு நின்று பதில் சொல்லும் வரை.

ஆய்தக்கி லக்கம்மாவைப் பாருங்கள். பசவண்ணர் வீட்டு முன்னே சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வந்து அடியார்க்கு அமுது படைப்பது அவர் கணவர் மாரய்யாவின் தொண்டு. ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். அது தேவைக்கு மேற்பட்டது என்று பார்த்ததுமே லக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நமக்கு எதற்கு, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். வறுமையைச் சொல்லி இரக்கம் தேடியவர் இல்லை அவர். கணவரின் பக்தியையே உரசிப் பார்த்தவர்.

தன்னைப் பற்றிப் பேசினால் அகங்காரம் வளராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வசனம் எனும் பாக்களைச் சொன்ன இந்த அடியார் பலர் ஒவ்வொன்றின் முடிவிலும் இறைவன் பெயரையே முத்திரையாக வைத்தார்கள்: பசவண்ணருக்குக் கூடலசங்கமதேவர், அக்கமகாதேவிக்குச் சென்னமல்லிகார்ஜுனர். சௌடய்யாவோ தொழிலோடு சேர்ந்த தம் பெயரையே வைத்தார். அதைத் தற்பெருமை என்று நான் ஒப்பமாட்டேன். ஊர் தாழ்த்திச் சொன்ன பெயரை ஒளிக்காமல், என் சொல்லுக்கு நானே பொறுப்பு என்று நிற்கும் துணிவு அது. மண்டபத்து உரையாடல்களை விரித்துரைக்கும் சூனிய சம்பாதனை 15-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதுதானே, எப்படி நம்புவது என்பாரும் உண்டு. அவை சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்தன என்று நானும் வாதாடவில்லை. ஆனால் வசனங்கள் ஏடுகளில் தனியே வாழ்ந்தவை. விஜயபுரத்து வழக்கறிஞர் ஹளகட்டி தேடித் திரட்டி 1923-இல் 'வசன சாஸ்திர சாரம்' என்று அச்சேற்றினார். செய்கிற வேலையும் தொழுகிற சிவமும் அவற்றில் பிரியாமல் வருகின்றன.

கேட்டவர்களும் சும்மா கலைந்து போய்விடவில்லை. பிராமண குலத்து மதுவரசர் தம் மகளை ஹரளய்யாவின் மகனுக்குக் கொடுத்தார். அதற்காகவே இரு தந்தையரும் கொல்லப்பட்டார்கள் என்கிறது வீரசைவ மரபு. கேட்பதற்கு அவ்வளவு விலை இருந்தது. இன்று நம் சத்சங்க மேடைகளில் பெரும்பாலும் வென்றவர்களே பேசுகிறார்கள், நாம் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம். கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியவரையும், விடியுமுன் தெரு கூட்டும் அம்மாவையும் உங்கள் சபைக்குப் பேச அழையுங்கள். பேசி முடித்ததும் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.