ஏலமும் வாய்மையும்

விலை கேட்கத் தொடங்கிய பின்னர், தான் தந்த விவரம் பிழையென்று விற்பவன் உணர்கிறான். அவன் செய்யத்தக்கது யாது? கடைத்தெருவுக்கு மட்டும் உரிய சிறு வினா என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஒருவரின் அறியாமையை மற்றொருவர் தம் இலாபமாக்கலாமா என்ற பெருவினா இதனுள் அடங்கியிருக்கிறது.

காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என நீளும் எமது கரையில், கரைவலையில் வந்த மீன் மணலிலேயே ஏலம் கூறப்படுவதை நாம் அறிவோம். அங்கே பொருள் கண்முன் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். குவியலின் அடியைக் கிளறலாம். கூறுபவர் வாய்தவறிச் சொன்னாலும் வாங்குபவரின் கண் அதனைத் திருத்திவிடும். இணைய ஏலத்திலோ பொருள் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத தொலைவில் இருக்கிறது. படமும் சொல்லுமே அங்குப் பொருளுக்கு ஈடாக நிற்பவை. ஆகவே, சொல் பிழைத்தால் பொருளே பிழைத்ததாகிவிடுகிறது.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் நெசவாளி ஒருவர் பருத்திச் சேலையொன்றை இணைய ஏலத்தில் இடுவதாகக் கொள்வோம். கவனப் பிசகினால் ‘பட்டு’ என்று எழுதிவிடுகிறார். பிழையைக் காணும்போது நால்வர் விலை கேட்டுவிட்டனர், விலையும் ஏறிவிட்டது. ஓசையின்றிச் சொல்லை மாற்றிவிடலாமே எனில், அதுவும் முறையன்று. பட்டென்று நம்பிக் கேட்ட தொகை பருத்தியின்மேல் நின்றுவிடும். 1995 இல் அமெரிக்காவில் தோன்றிய ஈபே போன்ற ஏலத்தளங்கள், விலை கேட்கப்பட்ட பின் மூல விவரத்தை மாற்ற விடாது, திருத்தக் குறிப்பைச் சேர்க்க மட்டும் பொதுவாக இடமளிப்பது இதனாலேயே. விவரம் பெரிதும் மாறினால் விலை கேட்டவர் விலகிக்கொள்ளவும் அவை இசைகின்றன.

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. எமது நாட்டின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், இந்தியாவின் 1930 ஆம் ஆண்டுச் சட்டமும், ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியவை. ஏலக்காரரின் சுத்தியல் விழும்வரை விற்பனை முற்றுப்பெறுவதில்லை. அதுவரை, கேட்டவர் தம் கேள்வியை மீளப்பெறலாம். ஆகவே சுத்தியல் விழுமுன் உள்ள நேரம், உண்மையைச் சொல்ல இன்னும் இடமுள்ள நேரம். அதனை மௌனத்தில் கழித்தவர், ‘நான் வேண்டுமென்று எழுதவில்லையே’ என்று பின்னர் தப்ப முடியாது. எழுதியபோது அது பிழை. அறிந்த பின்னும் நிற்கவிட்டால் அது பொய்.

நபிகள் நாயகம் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை இட்டபோது ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று நபிகள் வினவியதாக நபிமொழித் தொகுப்புக் கூறுகிறது. மழை வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் விட்டதே குற்றம். திருத்தத்தை எவர் கண்ணிலும் படாத மூலையில் எழுதிவைப்பதும் அந்த ஈரத்தை மூடுவதே ஆகும். விலை கேட்ட நால்வருக்கும் தனித்தனியே அறிவிக்கவேண்டும். விலகுவோரைத் தடையின்றி விலக விடவேண்டும். இதனால் விலை வீழலாம். வீழ்ந்தது அவருக்கு உரிய விலையன்று.

இனி மறுபுறம் நோக்குவோம். பட்டினைப் பருத்தி என்று எழுதிவிட்டால்? இங்கு நட்டம் விற்பவருக்கு. கேட்பவருள் ஒருவர் படத்தைக் கண்டே உண்மையை உணர்ந்து, வாய்மூடியிருக்கிறார். ‘அவன் பிழை, என் அதிர்ஷ்டம்’ என்பதே சந்தையின் அறம்.

2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் இவ்வறம் உலகறிய அரங்கேறியது. ஜே-கொம் நிறுவனத்தின் ஒரு பங்கினை 610,000 யென்னுக்கு விற்கவேண்டிய மிசுஹோ நிறுவனம், 610,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகக் கட்டளையிட்டுவிட்டது. ஜே-கொம் வெளியிட்டிருந்த பங்குகளோ 15,000 கூட இல்லை! பிழையை உணர்ந்து கட்டளையை நீக்க முயன்றும், சந்தையின் கணினி அதனை ஏற்கவில்லை. நட்டம் ஏறத்தாழ 4,000 கோடி யென். பிழையென்று வெளிப்படையாகத் தெரிந்ததை அள்ளிக்கொண்ட தரகு நிறுவனங்கள் சில, கண்டனம் எழுந்த பின்னரே இலாபத்தைக் கைவிட முன்வந்தன. 2009 இல் நீதிமன்றம், பங்குச் சந்தை ஏறத்தாழ 1,070 கோடி யென் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்த்தது.

பெருநிறுவனத்தின் விரல் பிழைத்தால் நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது. நெசவாளியின் விரல் பிழைத்தால்? ஏலத்தை நிறுத்தினால் ‘நம்பத்தகாதவர்’ என்ற முத்திரை. நிறுத்தாவிடில் நாட்கணக்கான உழைப்பு பறிபோகும். ஆகவே, பட்டென்று அறிந்தும் பருத்தி விலை கேட்டவரின் மௌனத்தைச் சாமர்த்தியம் என்று நாம் போற்றுவதற்கில்லை. அது பிறர் உழைப்பைக் கவர்வதன் மென்மையான வடிவமேயாகும்.

எனினும், விற்பவருக்கும் ஒரு வரம்பு உண்டு. விலை ஏறவில்லை என்பதற்காகவே பிழையொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது திருத்தமன்று, சூழ்ச்சி. தமக்கு இலாபம் தந்திருந்தாலும் எந்தப் பிழையைத் திருத்தியிருப்பாரோ, அதனைத் திருத்தவே அவருக்கு உரிமையுண்டு.

‘வாய்மை பேசு’ என்று மாணவருக்கு நாள்தோறும் கற்பிக்கிறோம். வாய்மை பேசிய ஏழை அதனால் தண்டனை பெறாத சந்தையைப் பற்றியும் அவர்களோடு பேசவேண்டாமா? திருத்தியவரைத் தண்டியாத விதி, மறைத்தவரைத் தப்பவிடாத விதி ஆகிய இரண்டையும் ஏலத்தளத்தை நடத்துவோரிடம் கேட்டுப் பெறுவது நம் அனைவரதும் பொறுப்பாகும். அவை வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வாங்கும் நேரத்தில் நமக்குத் தெரிந்ததை விற்பவருக்குச் சொல்லிவிட்டு விலை கேட்கலாம்.