ஏதுவும் ஏதுப்போலியும்: இறங்கிய பேட்டரி பற்றிய ஓர் அளவையியல் விசாரணை

மோட்டார் சைக்கிளின் செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் ரிலேயின் ‘டிக்’ ஓசை மட்டும் எழுந்து இன்ஜின் சுழலாமல் நின்றுவிட்டால், பேட்டரி கெட்டுவிட்டது என்று துணிந்து புதியதை வாங்கிப் பொருத்துவதே பெருவழக்காக உள்ளது. கண்டது மின்னழுத்தம் குறைந்த பேட்டரி; கொண்ட முடிவோ, குற்றம் பேட்டரியுடையது என்பது. முன்னது காட்சி, பின்னது அனுமானம். காட்சியிலிருந்து அனுமானத்துக்குச் செல்லும் வழி செம்மையானதா என ஆராய்வதே, உண்மையறிவின் வாயில்களை வரையறுக்கும் துறையாகிய அளவையியலின் பணி.

மணிமேகலையின் 27ஆம் காதை அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறது. ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்ததெனத் துணிவது எச்சம். அதாவது, காரியத்திலிருந்து காரணத்தை உய்த்துணர்வது. பேட்டரி பற்றிய முடிவும் இவ்வகையினதே. ஆனால் ஒரே காரியம் பல காரணங்களால் தோன்றக்கூடுமாயின் எச்சம் தடுமாறும். சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை, அதாவது சான்றை, அந்நூலின் 29ஆம் காதை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாக வகுக்கிறது. இறங்கிய பேட்டரி அத்தகைய ஏது. பேட்டரிக்கு மின்சாரம் வரும் வழியைக் கண்டால் இது விளங்கும்.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் காந்தம், ஸ்டேட்டர் எனப்படும் அசையாத கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்னும் உறுப்பு அதை நேர்திசையாக்கி, அழுத்தம் வரம்பு மீறாமல் காத்துப் பேட்டரிக்குச் செலுத்துகிறது. சுருள் கருகினாலும், கனெக்டர் உருகினாலும், நிறுத்திய வண்டியில் அலாரம் போன்ற துணைக்கருவி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாலும் பேட்டரி இறங்கவே செய்யும். இவற்றினும் நுட்பமானது மற்றொரு நிலை. ரெகுலேட்டர் பழுதாகி அழுத்தம் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், அமிலக் கரைசலிலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வற்றி, தகடுகள் அழியும். அப்போது பேட்டரி மெய்யாகவே கெட்டிருக்கும். ஆயினும் அது காரணமன்று, காரியமே. புதியதும் அவ்வாறே அழியும்.

குற்றம் பேட்டரியுடையதா, சார்ஜிங்கினுடையதா என்னும் ஐயம் நீங்க இரண்டு சோதனைகள் போதும். முழுதும் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்த 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டாலும், செல்ஃப் அழுத்தும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தாலும், பேட்டரி பழுது. பின்னர், நல்ல பேட்டரியுடன் இன்ஜினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 சுற்றில் ஓடவிட்டு அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை கிடைக்கும். கிடைத்தால் சார்ஜிங் குற்றமற்றது.

மாற்றுப் பேட்டரியைத் தேர்வதில் உற்பத்தியாளர் குறித்த ஆம்பியர்-மணி அளவு, பெட்டியின் நீள அகலம், நேர்முனை அமைந்த பக்கம் ஆகியன பொருந்த வேண்டும். லித்தியம் வகையாயின், வண்டியின் சார்ஜிங் அழுத்தம் அதற்கு ஏற்றதா எனவும் காண வேண்டும். கொள்ளளவைக் கூட்டினால் குறை தீரும் என்பது பிழையான துணிபு. குறைவாக வரும் மின்சாரம் பெரிய பேட்டரியாலும் மிகாது. பேட்டரி கெட்டது என்பது, ஈயமும் அமிலமும் கொண்ட ஒரு பொருளைக் குப்பைக்குத் தள்ளும் தீர்ப்பு. ஆகவே இவ்விரு சோதனைகளையும் செய்யாமல் எவரும் அதை வழங்கலாகாது.